கராஜ் வரைக்கும் ஒரு கேபிள்

கிளிஃப் ஹோல்ராய்டுக்கு வாய் கொஞ்சம் நீளம். வட இங்கிலாந்தில் இருக்கும் கீத்லி ஊரில் அது எல்லோருக்கும் தெரியும், அவர் ஒருவருக்குத்தான் தெரியாது. கம்பளி மில்லில் மின்சாரப் பராமரிப்பு வேலைக்குச் சின்ன வயதில் சேர்ந்தவர், மில்லை இழுத்து மூடிப் பூட்டுப் போட்ட அன்றைக்குத்தான் வெளியே வந்தார். தெருவில் யார் வீட்டில் ஃப்யூஸ் போனாலும், கெட்டில் சூடாகாவிட்டாலும், முதலில் வரும் பேச்சு "கிளிஃபைக் கூப்பிடு" என்பதுதான். ஓய்வு பெற்ற மனிதனுக்கு இதைவிட என்ன வேண்டும்? தலையில் கிரீடம் வைத்தவர்போலத்தான் நடந்துகொண்டிருந்தார். அந்தக் கிரீடத்தைத் தட்டிவிட்டது வேறு யாருமில்லை, அவரே இழுத்துப் புதைத்த ஒரு கேபிள்.

அவருக்கு ஒரே மகள், லிண்ஸி. வீட்டுக்கடன் கொடுக்கும் சங்கத்தில் கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்து உட்கார்ந்து சலித்துப்போனவள். மாலை வகுப்பில் மண்பாண்டம் செய்யக் கற்றுக்கொண்டாள். கை வந்துவிட்டது. ஊரில் புதிதாகத் திறக்கப்போகும் ஒரு சாப்பாட்டுக் கடைக்காரர் அவள் செய்த கிண்ணங்களைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தட்டு, கிண்ணம், குவளை எல்லாமே அவளே செய்து கொடுக்க வேண்டும் என்று கேட்டுவிட்டார். கிறிஸ்துமஸுக்கு முன்னால் திறப்பு விழா. லிண்ஸி வேலையை விட்டாள். பெரிய மின்சூளை ஒன்றைப் பழையதாக வாங்கினாள். இது சரிப்பட்டு வந்தால் பிழைப்பு, இல்லாவிட்டால் திரும்பவும் அந்தக் கவுன்டர். அவள் வைத்துப் பார்த்த பந்தயம் அவ்வளவுதான்.

சூளையை வீட்டுக்குள் வைக்க இடமில்லை. தோட்டத்தின் கடைக்கோடியில், பின் சந்துப் பக்கம் பார்த்தபடி, கராஜ் ஒன்று தனியாக நின்றது. தோட்டமோ அகலம் கம்மி, நீளம் நீளமோ நீளம். அங்கே மின்சாரம் கிடையாது. லிண்ஸியின் கணவன் டேரன், பஸ் ஓட்டுபவன், அதிர்ந்து பேசாத ஆள். அவன்தான் வாஜித்தைக் கூப்பிட்டான். வாஜித் எலக்ட்ரீஷியன். அவனுடைய அப்பாவும் கிளிஃபும் ஒரே மில்லில் ஒரே ஷிஃப்டில் வேலை பார்த்தவர்கள். அதனால் வாஜித்துக்குக் கிளிஃப் எப்போதும் அங்கிள்தான்.

வாஜித் தோட்டத்தை மேலும் கீழும் நடந்து பார்த்தான். சூளையின் தகட்டில் எழுதியிருந்ததைப் படித்தான். "பத்து எம்.எம். கேபிள் போட்டுடலாம்" என்றான்.

அடுக்களை மேசையில் டீயோடு உட்கார்ந்திருந்த கிளிஃபுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"பத்தா? ஏன்டா வாஜித், டவுன் ஹாலுக்கா கரண்ட் குடுக்கப்போற?"

"இல்ல அங்கிள், தூரம் இருக்கு. சூளையும் பெருசு. சின்னதாப் போட்டா அந்தக் கடைசில வோல்டேஜ் நிக்காது."

"நீ பால் குடிக்கிற காலத்துலேயே நான் மில்லுல மோட்டாருக்குக் கேபிள் இழுத்தவன். போய் உங்கப்பாவைக் கேளு. என்கிட்ட நாலு எம்.எம். கிடக்கு. மேல எஃகுக் கவசம் போட்ட சரக்கு. லாரியைக் கட்டி இழுக்கலாம், தெரியுமா?"

"லாரியை இழுக்கலாம் அங்கிள். சூளையைச் சூடாக்கணுமே."

"இந்தக் காலத்துப் பசங்களுக்கு எல்லாமே தடிமனா வேணும். எதுக்குன்னு கேட்டா சொல்லத் தெரியாது. அப்பத்தானே பில்லும் தடிமனா வரும்!"

மேசையைச் சுற்றியிருந்த எல்லோரும் சிரித்தார்கள். லிண்ஸி கொஞ்சம் அதிகமாகவே சிரித்தாள். அப்பா எதைச் சொன்னாலும் சிரித்துப் பழகிய பெண் அவள். வாஜித்தும் மரியாதைக்குச் சிரித்துவிட்டு, டீயைக் குடித்துவிட்டு, "உங்க இஷ்டம் அங்கிள்" என்று எழுந்து போனான்.

அந்த நாலு எம்.எம். கேபிளின் பூர்வீகத்தையும் சொல்லிவிட வேண்டும். மில்லை மூடிய அன்று, "கிடக்கிறதை எடுத்துக்கிட்டுப் போங்கப்பா, எப்படியும் குப்பைக்குத்தான்" என்று மேஸ்திரி சொல்ல, ஆளுக்கொன்றைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கிளிஃபுக்குக் கிடைத்தது ஒரு டிரம் கேபிள். அன்றிலிருந்து அவருடைய ஷெட்டில் அது உட்கார்ந்திருந்தது. "இதை எதுக்கு வச்சிருக்க? என்னைக் கட்டிப் புதைக்கவா?" என்று அவர் மனைவி பிரெண்டா வருஷம் தவறாமல் கேட்பாள். "நல்ல செம்புடி. ஒருநாள் உதவும்" என்பார் அவர். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு நல்ல பொருளைத் தூக்கிப் போடுவதென்றால் உடம்பெல்லாம் எரியும். கயிற்றுத் துண்டு, ஆணி, ஜாம் பாட்டில், எதையும் விடமாட்டோம். அந்த "ஒருநாள்" வந்துவிட்டதென்று கிளிஃபுக்குக் கை பரபரத்தது.

கராஜ் எவ்வளவு தூரம் என்று அவர் அளக்கவில்லையா என்றால், அளந்தார். எதற்கு அளந்தார்? கேபிள் எட்டுமா என்று பார்க்க. எட்டியது. கையளவு மிச்சமும் இருந்தது. அளவெடுத்துத் தைத்த சட்டைபோல அமைந்துவிட்டதே என்று பூரித்துப்போனார். சூளை எவ்வளவு கரண்ட் இழுக்கும் என்று பார்த்தார், நாலு எம்.எம். அதைச் சுமக்கும் என்று அட்டவணை சொன்னது. அதுவும் உண்மைதான். அதே அட்டவணையில் அடுத்த பத்தி ஒன்று இருக்கிறது, நீளம் கூடக் கூட எவ்வளவு வோல்டேஜ் வழியிலேயே கரைந்துபோகும் என்று சொல்லும் பத்தி. அதன் பக்கம் அவர் கண் போகவே இல்லை. மில்லில் எல்லாம் கைக்கெட்டும் தூரம், கேபிளெல்லாம் தொடை தடிமன். அந்தப் பத்தி அவருக்குத் தேவைப்பட்டதே இல்லை. மொத்தத்தில், அந்தக் கேபிளின் அளவைத் தீர்மானித்தது சூளையும் இல்லை, தோட்டமும் இல்லை. ஷெட்டில் கிடந்த டிரம்தான்.

பள்ளம் தோண்டினார்கள், கேபிளைப் புதைத்தார்கள். ஈஸ்டர் விடுமுறை முழுக்க டேரன் முழங்காலில் உட்கார்ந்து, பள்ளத்தின் மேலேயே கல் பலகைகளைப் பதித்து, வீட்டிலிருந்து கராஜ் வரைக்கும் ஒரு பாதை போட்டான். மழை நாளில் பானைகளைத் தூக்கிக்கொண்டு போகும்போது லிண்ஸிக்குக் கால் வழுக்கக் கூடாதாம். பாதை அவ்வளவு அழகாக வந்தது. அக்கம்பக்கத்தில் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்துப் பாராட்டினார்கள். டேரனுக்கு முழங்கால் வீங்கி, கொஞ்ச காலம் பஸ்ஸில் பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான்.

சூளை எரிந்தது. முதலில் மளமளவென்று ஏறிய சூடு, உச்சத்துக்குக் கொஞ்சம் கீழே வந்து நின்றுகொண்டது. எவ்வளவு நேரம் விட்டாலும் அசையவில்லை. மறுநாள் ஆறவைத்துத் திறந்தால், கண்ணாடிபோல மின்ன வேண்டிய பூச்சு காய்ந்த சுண்ணாம்புபோலச் சொரசொரவென்று இருந்தது. லிண்ஸி திரும்பச் செய்தாள். திரும்பவும் அதே கதை. மண்ணை மாற்றினாள், பூச்சை மாற்றினாள், அடுக்குவதை மாற்றினாள். கோடை அப்படியே போனது.

"அப்பா, நீ கொஞ்சம் வந்து பாரேன். என்னன்னு எனக்குப் புரியல" என்றாள்.

கிளிஃப் மீட்டரை எடுத்துக்கொண்டு போனார். சூளை எரியும்போது வீட்டு முனையில் வைத்துப் பார்த்தார், வோல்டேஜ் கச்சிதமாக இருந்தது. பாதை வழியே நடந்து கராஜுக்குப் போய் அங்கே வைத்துப் பார்த்தார். எண் குறைவாகக் காட்டியது. மீட்டரில் கோளாறோ என்று தட்டினார். திரும்ப வைத்தார். அதே எண்.

புரிந்துவிட்டது. ஒரு நொடி போதுமானதாக இருந்தது. வோல்டேஜ் வழியிலேயே கரைகிறது, சூளைக்குப் பாதி வயிறுதான் நிரம்புகிறது. வாஜித் சொன்னானே, இந்த அடுக்களையில் உட்கார்ந்து, டீ குடித்துக்கொண்டு, இதையேதானே சொன்னான்! கிளிஃபுக்குக் காது மடல் இரண்டும் கொதித்தன. தன் காலடியைப் பார்த்தார். டேரன் பதித்த கல். அதன் கீழே அவருடைய கேபிள்.

அந்த நேரம் பார்த்து டேரன் டீயோடு வந்து நின்றான், முழங்காலில் கட்டுப் போட்டுக்கொண்டு. "என்ன ஆச்சு, கிளிஃப்? எதாவது தெரிஞ்சுதா?"

சொல்லியிருக்கலாம். "தப்பு என்னோடதுப்பா, பாதையைப் பேத்து எடுக்கணும்" என்று சொன்னால் முடிந்தது. இரண்டு மூன்று சனி ஞாயிறு உடம்பு வலித்திருக்கும், கொஞ்ச நாள் கேலி செய்திருப்பார்கள், அத்தோடு போயிருக்கும். ஆனால் வாயில் வந்தது வேறு.

"சூடேத்தற காயில் தேஞ்சுபோச்சு. பழைய சூளைல்ல? புதுசு மாத்தினா ஓடும்."

சொன்ன வேகத்தில் அவருக்கே ஆச்சரியம். பொய்யை இவ்வளவு சரளமாகச் சொல்வோம் என்று மனிதர் நினைத்ததில்லை. டேரனுக்குப் பின்னாலேயே வந்த லிண்ஸி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ இல்லேன்னா நான் என்னப்பா பண்ணுவேன்" என்றாள். அவள் பிடித்த தன் கையை வெட்டி எறிந்துவிடலாம்போல இருந்தது அவருக்கு. ஆனாலும் மீட்டர் வயரைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டு, டீயைக் குடித்துவிட்டுத்தான் கிளம்பினார்.

புதுக் காயில் வந்தது. அவரே மாட்டினார். கொஞ்சம் ஏறிப்போய்த் திரும்பவும் நின்றது சூடு. எப்படி ஏறும்?

இலையுதிர் காலத்தில் ஒரு ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்குக் கிளிஃபும் பிரெண்டாவும் லிண்ஸி வீட்டுக்குப் போயிருந்தார்கள். வறுத்த மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, யார்க்‌ஷயர் புட்டிங். நடுவில் லிண்ஸி செய்த ஜாடியில் கிரேவி. அந்தச் சூளையில் வெந்தவற்றிலேயே சுமாராக வந்த ஜாடி அதுதான், ஆசையாக எடுத்து வைத்திருந்தாள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே ஜாடியின் அடியில் மேசைவிரிப்பு பழுப்பாக நனைய ஆரம்பித்தது. வேக வேண்டிய அளவு வேகாத மண், கிரேவியைக் குடித்துக் குடித்துக் கீழே கசியவிட்டது. கறை கிண்ணத்தளவு ஆனது, பிறகு தட்டளவு ஆனது.

கிளிஃப் பார்த்தார், பிரெண்டாவும் பார்த்தாள், டேரனும் பார்த்தான். ஆனால் யாருமே பார்க்கவில்லை. எங்கள் ஊர் மரியாதை அப்படி.

"இந்த வருஷம் மழை சீக்கிரமே புடிச்சுக்கிச்சு" என்றாள் பிரெண்டா.

"ஆமா, பஸ் எல்லாம் லேட்டு" என்றான் டேரன்.

பிரெண்டா பேசிக்கொண்டே ஒரு சாஸரை நைசாக ஜாடிக்கு அடியில் தள்ளினாள். லிண்ஸி அதைக் கவனித்துவிட்டாள். கத்தியையும் முள்கரண்டியையும் கீழே வைத்தாள்.

"என்னதான்பா பிரச்சினை? காயிலும் மாத்தியாச்சு. உனக்கு என்ன தோணுது? நெஜமாச் சொல்லு."

கிளிஃப் உருளைக்கிழங்கை வெட்டினார். வெட்டிய துண்டை இன்னொரு தரம் வெட்டினார்.

"கண்ணு, நீ ரொம்ப அவசரப்படறியோன்னு தோணுது. இதெல்லாம் கைப்பக்குவம். ஒரு வகுப்புக்குப் போயிட்டு உடனே வந்துடற வித்தையா?"

லிண்ஸியின் முகத்தில் ஈயாடவில்லை. "இருக்கலாம்" என்று சொல்லிவிட்டு, எழுந்து, ஜாடியைத் தூக்கிக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். குழாய்த் தண்ணீர் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.

கேபிள் சின்னதாய்ப் போட்டது தப்புதான், அதை யாரும் போட்டிருக்கலாம். காயில் என்று புளுகியது பயம், அதையும் மன்னிக்கலாம். ஆனால் பெற்ற மகளின் கையில் குறை சொன்னாரே, அதற்கு என்ன பேர்? வீட்டுக்குத் திரும்பும் வழியில் காரை ஓட்டிக்கொண்டே, 'சீ, நீயெல்லாம் ஒரு மனுஷனா' என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார். பக்கத்திலிருந்த பிரெண்டா திரும்பிப் பார்த்தாள். "வாயசையுது. யாரைத் திட்டற?" என்றாள். "முன்னாடி போறான் பாரு, அவனைத்தான்" என்றார். முன்னால் காரே இல்லை.

அதற்குப் பிறகும் ஒவ்வொரு ஞாயிறும் போனார்கள். ஒவ்வொரு ஞாயிறும் லிண்ஸி ஏதாவது ஒரு சாக்கில் கேட்டாள். பாத்திரம் துடைக்கும்போது, "உனக்கு வேற எதாவது தோணுதாப்பா?" கோட்டு மாட்டிவிடும்போது, "கரண்ட்ல எதாவது இருக்குமோ?" ஒவ்வொரு தரமும் கிளிஃப் தொண்டையைச் செருமிக்கொண்டு, "கரண்ட்ல என்ன இருக்கப்போவுது? நான் போட்டதாச்சே" என்றார். சொல்லச் சொல்ல உண்மை இன்னும் ஆழத்தில் புதைந்துகொண்டே போனது. முதல் வாரம் சொல்லியிருந்தால் தவறு. இப்போது சொன்னால் துரோகம். அதனால் அடுத்த வாரம் பார்க்கலாம் என்று தள்ளினார், அடுத்த வாரம் அது இன்னும் கனமாக இருந்தது. லிண்ஸி மெலிந்துபோனாள். கோடையெல்லாம் ராத்திரி பகல் பாராமல் செய்ததில் தேறாததையெல்லாம் உடைத்துப் போட்டு, கராஜுக்குப் பின்னால் ஓட்டுக் குவியல் ஒன்று சேர்ந்திருந்தது.

கடைசியில் ஒருநாள் மனதைத் திடப்படுத்திக்கொண்டு எலக்ட்ரிக்கல் மொத்த வியாபாரக் கடைக்குப் போனார். காலை வேளை, கவுன்டரில் ஊர் எலக்ட்ரீஷியன்கள் எல்லாம் வரிசையாகச் சாய்ந்துகொண்டு, கையில் சாண்ட்விச்சோடு, வம்பளந்துகொண்டிருந்தார்கள்.

"அடடே, பெரியவரே வந்துட்டாரு! வழி விடுங்கப்பா!"

"என்ன கிளிஃப், ரிட்டையர்மென்ட் போரடிக்குதா? எங்க பொழப்புல மண்ணைப் போட வந்துட்டியா?"

"பத்து எம்.எம். கவசக் கேபிள் ஒரு டிரம்" என்றார் கிளிஃப் தணிந்த குரலில்.

வரிசையின் கடைசியில் வாஜித் நின்றிருந்ததை அவர் அப்போதுதான் பார்த்தார். திரும்பிப் போய்விடலாமா என்று கால் யோசித்தது.

"பத்தா!" என்றான் ஒருவன். "எங்க கிளிஃப், கோட்டைக்கா இழுக்கற?"

"ஒரு ஃப்ரெண்டுக்கு" என்றார்.

வாஜித் சிரித்திருக்கலாம். ஒரு வார்த்தை போதும், அந்தக் கவுன்டரே கைகொட்டிச் சிரித்திருக்கும். டவுன் ஹால் பேச்சை அவன் மறந்திருப்பானா என்ன? ஆனால் அவன் சாண்ட்விச்சைக் கீழே வைத்துவிட்டு, "கொடுங்க அங்கிள், கனமா இருக்கும்" என்று டிரம்மைத் தூக்கிக்கொண்டு கார்வரைக்கும் வந்தான். டிக்கியில் வைத்து மூடினான். அப்புறம் கையைத் தட்டிக்கொண்டே, அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்:

"உங்க ஃப்ரெண்டு இருக்காரே அங்கிள், அவர்கிட்ட சொல்லுங்க. இதுக்கு மேல தள்ளிப்போட வேணாம்னு."

கிளிஃப் தலையை மட்டும் ஆட்டினார். அவன் கேலி செய்திருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசித் தப்பித்திருப்பார். அவன் காட்டிய கருணையை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

உடனே போனாரா? இல்லை. டிரம் டிக்கியிலேயே கிடந்தது. சூப்பர் மார்க்கெட்டில் டிக்கியைத் திறந்த பிரெண்டா, "இதென்ன மலைப்பாம்பு?" என்று அலறினாள்.

"ஃப்ரெண்டோடது."

"உனக்கேது ஃப்ரெண்டு?" என்றாள் அவள். முட்டைக்கோஸை மடியில் வைத்துக்கொண்டு வீடுவரைக்கும் அவரையே பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டு வாசலில் இறங்கும்போது, "கிளிஃப், என்ன பண்ணித் தொலைச்சன்னு எனக்குத் தெரியாது. ஆனா போய்ச் சரி பண்ணு. உன் மூஞ்சியைப் பாக்க முடியல" என்றாள்.

சனிக்கிழமை காலை, கடப்பாரை ஒன்றையும் டிக்கியில் போட்டுக்கொண்டு கிளம்பினார். வழியெல்லாம் ஒத்திகை பார்த்தார். 'லிண்ஸி, உன் கையில ஒரு குறையும் இல்ல. குறை எல்லாம் என்னோடதுதான்.' அதை இப்படிச் சொல்லலாமா, அப்படிச் சொல்லலாமா என்று மாற்றி மாற்றிப் பார்த்தார். பாதையை இன்றைக்கே பேர்த்துவிடலாம், அடுத்த வாரம் சூளை உச்சத்துக்குப் போகும், திறப்பு விழாவுக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று கணக்குப் போட்டார். காரைப் பின் சந்துக்குள் திருப்பினார்.

கராஜ் கதவு திறந்திருந்தது. அதன் முன்னால் ஒரு வேன் நின்றது. யாரோ ஒரு அம்மாள், நரைத்த தலையில் கம்பளிக் குல்லாய் போட்டவள், காய்ந்த மண் படிந்த கையோடு சூளையைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துக்கொண்டிருந்தாள். டேரன் அதன் கீழே தள்ளுவண்டியைச் சொருகிக்கொண்டிருந்தான். லிண்ஸி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"வாப்பா" என்றாள். "இவங்க ஹெப்டன்லேர்ந்து வந்திருக்காங்க. சூளையை வாங்கிக்கறாங்க."

கிளிஃப் ஒத்திகை பார்த்ததெல்லாம் காற்றில் போனது.

"இல்லம்மா, நான் ஒளிவுமறைவில்லாம கேக்கறேன்" என்றாள் அந்த அம்மாள் லிண்ஸியிடம். "காயில் புதுசுங்கற. உச்சச் சூட்டுக்குப் போகலைங்கற. அப்ப உள்ள எங்கயோ பெரிய கோளாறு இருக்கணும்ல? நான் இவ்வளவு தூரம் சுமந்துட்டுப் போயி ஏமாறக் கூடாது பாரு."

"சூளைல கோளாறே இல்லீங்க" என்றாள் லிண்ஸி. "எனக்குத்தான் அது புடிபடல. கைப்பக்குவம் பத்தல."

அவருடைய வார்த்தை. அவர் சொன்ன அதே வார்த்தையை மகள் முன்பின் தெரியாத ஒருத்தியிடம், தலை குனியாமல், குரல் நடுங்காமல் தன்மேல் போட்டுக்கொண்டாள். கிளிஃப் கூனிக் குறுகிப்போனார். கல் பாதையே பிளந்து தன்னை உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்று நினைத்தார். அந்த அம்மாள் உதட்டைப் பிதுக்கினாள். "என்னமோ, நான் யோசிக்கணும்" என்று பின்வாங்கினாள்.

"அவ கையில குறை இல்ல" என்றார் கிளிஃப். குரல் தேவைக்கு மேல் உரக்க வந்தது. "சூளையிலயும் இல்ல. கேபிள் சின்னது. இந்தத் தூரத்துக்கு அது பத்தாது. நான்தான் போட்டேன். பத்து எம்.எம். போடணும்னு சொன்ன பையனைக் கிண்டல் பண்ணிட்டு நான்தான் போட்டேன்."

டேரன் தள்ளுவண்டியை விட்டுவிட்டு நிமிர்ந்தான். தான் போட்ட பாதையை ஒருதரம் இந்த முனையிலிருந்து அந்த முனைவரைக்கும் பார்த்தான். அந்த அம்மாள் வானத்தைப் பார்த்து, "மழை வரும்போல இருக்கே" என்றாள்.

"எனக்குத் தெரியும்பா" என்றாள் லிண்ஸி.

"என்ன தெரியும்?"

"கேபிள்தான்னு தெரியும். நீ கைப்பக்குவம்னு சொன்ன ஞாயித்துக்கிழமைக்கு அடுத்த நாளே வாஜித்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். மீட்டரை வச்சதுமே சொல்லிட்டான். நீயும் மீட்டர் வச்சுப் பாத்தியே, உனக்கும் அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்னு அப்பதான் எனக்கு உறைச்சுது. யாருகிட்டயும் சொல்லாதேன்னு அவன்கிட்ட கேட்டுக்கிட்டேன். அப்பாவே சொல்லுவாரு, அவர் சொன்னதும் தோண்டிக்கலாம்னு சொன்னேன்."

"அப்ப... வாரா வாரம் நீ கேட்டது..."

"கேட்டுக்கிட்டே இருந்தேன். இந்த வாரம் சொல்லுவ, இந்த வாரம் சொல்லுவன்னு."

கோட்டு மாட்டிவிட்டுக்கொண்டே அவள் கேட்டதும், தொண்டையைச் செருமிக்கொண்டு தான் சொன்னதும், ஒன்றன்பின் ஒன்றாக வந்து கிளிஃபின் முகத்தில் அறைந்தன. எல்லாம் தெரிந்துகொண்டுதான் அவள் அவர் கழுத்துப் பட்டனைப் போட்டுவிட்டிருக்கிறாள்.

"கேபிள் கார்ல இருக்கு, கண்ணு. பத்து எம்.எம். கடப்பாரையும் கொண்டாந்திருக்கேன். இன்னைக்கே பேத்துடறேன். நான் ஒருத்தனே பண்ணிடறேன். திறப்பு விழாவுக்கு இன்னும் நாள் இருக்கு..."

"சாப்பாட்டுக் கடைக்காரர் வேற ஆள்கிட்ட குடுத்துட்டாருப்பா. போன வாரம். நான் திங்கக்கிழமை சங்கத்துக்குப் போறேன். பழைய கவுன்டரே குடுத்திருக்காங்க."

"லிண்ஸி..."

"கேபிளுக்காக எனக்குக் கோவமே இல்ல. நாலு போட்டா என்ன, ரெண்டு போட்டா என்ன? அதைத் தோண்டி எடுத்திருக்கலாம். அன்னைக்குக் கிரேவி ஒழுகிச்சே, அப்ப எல்லாரு முன்னாடியும் என் கையைக் குறை சொன்ன பாரு. உனக்குத் தெரிஞ்சே சொன்ன. அதுக்கப்புறம் மண்ணைத் தொட்டா எனக்கு அதுதான் ஞாபகம் வருது."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் போய் அணைத்துக்கொண்டிருப்பார். அவள் கையைக் கட்டிக்கொண்டே நிற்க, எங்கே கை வைப்பது என்று தெரியாமல் எழுபது வயதை எட்டிய மனிதர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துப் பிசைந்துகொண்டிருந்தார். "தப்புதான். பெரிய தப்பு" என்றார். அது ஒத்திகையில் இருந்ததைவிட ரொம்பச் சின்னதாக வெளியே வந்தது.

கோளாறில்லை என்று தெரிந்ததும் அந்த அம்மாள் பேசிய விலைக்கே சூளையை எடுத்துக்கொண்டாள். டேரனும் கிளிஃபும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து வேனில் ஏற்றினார்கள். ஏற்றும்போது டேரன் சொன்ன ஒரே வார்த்தை "பாத்து, கிளிஃப், விரல்" என்பதுதான். கயிறு கட்டி முடித்ததும், அந்த அம்மாளுக்கு ஏதாவது நல்லபடியாகப் பேசிவிட்டுக் கிளம்ப வேண்டுமே என்று தோன்றியிருக்கும். கிளிஃபின் பக்கம் திரும்பினாள்.

"நீங்க எலக்ட்ரீஷியனா? நல்லதாப் போச்சு. என் ஷெட்டும் வீட்டைவிட்டுத் தனியாத்தான் நிக்குது. எந்தக் கேபிள் போடச் சொல்லட்டும்?"

"எவ்வளவு தூரம் இருக்கும்?" என்று கேட்டார் கிளிஃப்.

"இந்தத் தோட்டம் இருக்கே, இதே தூரம்."

"பத்து எம்.எம். போடச் சொல்லுங்க. அதுக்குக் கீழ யாரு சொன்னாலும் கேக்காதீங்க. பெரிய எலக்ட்ரீஷியன்னு சொல்லிக்கிட்டு எவனாவது வந்தா, முக்கியமா அவன் பேச்சைக் கேக்காதீங்க."

அந்த அம்மாள் வாய்விட்டுச் சிரித்தாள். கிளிஃப் பழக்க தோஷத்தில் மகள் பக்கம் திரும்பினார். லிண்ஸி பாதையில் பாதி தூரம் போய்விட்டிருந்தாள். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுக்களைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.